நூற்பட்டியலுக்குள் ஒரு கரப்பு

'இந்த மனிசன் என்னப் புகழுறத நிப்பாட்டினாத்தான் எனக்கு யோசிக்க ஏலும். நிப்பாட்டாட்டியும் குறையில்ல.'

சீதேவிப்பிள்ளை இதை வாயால் சொல்லவில்லை. கையிலிருந்த மஞ்சளேறிய தாளை யன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து, முகத்தை நீதவான் போல வைத்துக்கொண்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் கலாநிதி நல்லரத்தினம் பேசிக்கொண்டே இருந்தார். வாவி ஆய்வு நிலையத்தின் பணிப்பாளர் அவர். கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் காணிப் பிரிவில் அவள் பிடித்த கள்ளக் காணி உறுதிப் பத்திரங்களை, அவளுக்கே மறந்துபோன விவரங்களோடு சொன்னார். தாளைத் தொட்டு வயது சொல்லும் கை என்றார். கிழக்கு மாகாணத்தில் வேறு ஆளே இல்லை என்றார்.

புகழ்ச்சி அவளுக்குப் பழக்கமில்லாத பண்டம். கச்சேரியில் இருந்தவரை அவள் பிடித்த ஒவ்வொரு கள்ள உறுதிக்கும் யாராவது ஒரு மேலதிகாரி பெயர் வாங்கிக்கொண்டார். வேளைக்கே ஓய்வுபெற்று வீட்டில் இருந்தபோது, சைக்கிளைத் தொலைத்தவர்களும் மொட்டைக் கடிதம் வந்தவர்களும் தாமாகவே படலையைத் திறந்து வரத் தொடங்கினார்கள். 'துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை மாட்டுவோமா என்று உசனார் கேட்டான். சண்டை நடக்கிற மட்டக்களப்பில் அப்படியொரு பலகை தொங்கினால் எந்தெந்தத் தரப்பெல்லாம் தேடி வரும் என்று அவளுக்குத் தெரியும். பலகை மாட்டவில்லை.

உசனார் காத்தான்குடி ஆள். நாற்பது வயது. ஓட்டோ ஓடுவது தொழில், வாயாடுவது சேவை. அவள் போகிற இடமெல்லாம் கொண்டுபோய் விடுவான். விட்ட பிறகும் போகமாட்டான். இப்போதும் கதவு நிலையில் சாய்ந்து நின்று, மேசையில் கிடந்த பழைய தாள்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்லரத்தினத்தின் முறைப்பாடு சிக்கலில்லாதது. நிலையத்தில் ஆய்வு உதவியாளராக இருக்கும் ஏறாவூர்ப் பெண் பரீனா, வாவியின் மீன்பிடி முறைகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வேடு எழுதி முடித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகும் வாகனத்தில் அது போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் இருக்கிறது. போகாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ. 'இது இவளுடைய சொந்த ஆக்கம்' என்ற சான்றிதழில் பணிப்பாளர் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிடப் போன நேரத்தில்தான், பழைய அலுமாரிக்குப் பின்னால் இந்தக் கட்டு அகப்பட்டதாம். அழகரத்தினம் என்ற மீன்பிடி அதிகாரி 1984இல் தட்டச்சில் அடித்து வைத்த அறிக்கை. அவர் கனடாவுக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். அறிக்கையும் பரீனாவின் ஆய்வேடும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன.

"கெட்டிக்காரப் பிள்ளைதான். அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு," என்றார் நல்லரத்தினம். கஷ்டம் அவருடைய முகத்திலும் நன்றாகப் பொருந்தியிருந்தது.

அவளிடம் அவர் கேட்டது ஒரேயொரு பக்க அறிக்கை. தாள் பழையதா, அடித்த யந்திரம் பழையதா என்று அதில் எழுதிக் கொடுத்தால் போதும். பரீனாவைச் சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காலமான மனிதரின் அறிக்கையைத் தானே பதிப்பித்து வெளியிடப் போவதாகச் சொன்னார்.

சீதேவிப்பிள்ளை பார்த்தாள். இப்போது எங்கும் கிடைக்காத புல்ஸ்கேப் தாள். குண்டூசி ஏறிய இடத்தில் துரு, தாளின் இழைக்குள்ளேயே ஊறியிருந்தது. ஆங்கில 'ஈ' எழுத்தின் வால் எல்லா இடத்திலும் நுனி உடைந்திருந்தது. அந்த உடைந்த வால் அவளுக்குப் பழக்கம். கச்சேரிக்கு வந்த பாதி விண்ணப்பங்களில் அது இருந்தது.

"தாள் பழசுதான். மெஷினும் பழசுதான்," என்றாள். நல்லரத்தினம் கண்ணை மூடித் திறந்தார்.

ஆனாலும் அங்கங்கே வசனங்களின் நடுவில் இரட்டைக் கேள்விக்குறிகள் கிடந்தன. 'படம் ?? இல் காண்க' என்பது போல. அது என்னவென்று கேட்டாள். அழகரத்தினம் ஐயா மிகவும் அடக்கமான மனிதர், நிச்சயமில்லாத இடத்தில் தன்னைத் தானே சந்தேகித்துக் கேள்விக்குறி போட்டு வைப்பது அவருடைய வழக்கம் என்று நல்லரத்தினம் உருக்கமாக விளக்கினார். இக்கால ஆய்வாளர்களிடம் அந்தப் பணிவு இல்லை என்றும் சொன்னார்.

இதற்குள் உசனார் கட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விட்டான். அவை நூற்பட்டியல்: ஆய்வுக்கு உதவிய நூல்களையும் எழுதியவர்களையும் அகரவரிசையில் அடுக்கிய பக்கங்கள். பட்டியலின் நடுவில், பெயர்களை மேலும் கீழுமாகப் பிரித்துக்கொண்டு, மையால் வரைந்து ஒட்டிய ஒரு கரப்பின் படம் இருந்தது. கரப்பு என்பது அடியும் நுனியும் திறந்த கூடை. முழங்கால் தண்ணீரில் குத்தி வைத்து, மேல்வாயால் கையை விட்டு மீனைப் பிடிப்பார்கள்.

"சேர், இந்தக் கரப்பு என்னத்துக்கு ஆக்கள்ர பேருகளுக்குள்ள வந்து குந்தியிருக்கு?" என்றான் உசனார். "புத்தகம் எழுதினாக்களையும் கரப்புக் குத்தித்தான் புடிச்சவரோ?"

நல்லரத்தினம் சிரிக்கவில்லை. பரீனாவின் ஆய்வேட்டில் அதே படம் கரப்பைப் பற்றிய அத்தியாயத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருப்பதைக் காட்டினார். களவெடுத்தவர்கள் அடையாளத்தை மறைக்கப் பொருளின் இடத்தை மாற்றுவது வழக்கம்தானே என்றார். சீதேவிப்பிள்ளை தலையாட்டினாள். உசனாரின் பகிடி மட்டும் உள்ளே ஒரு பக்கம் கிடந்து உறுத்தியது.

எழுத முன்னர் பரீனாவை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றாள். அவசியமா என்று அவர் கேட்டார். உறுதி பார்க்கிறவள் விற்றவனையும் பார்ப்பாள், வாங்கினவனையும் பார்ப்பாள், அது பழக்கதோஷம் என்றாள்.

*

நிலையத்தின் பின்பக்கம், வாவியைப் பார்த்த சிறிய அறையில்தான் கணினி இருந்தது. மின்சாரம் இல்லை. பரீனா அணைந்த திரைக்கு முன்னால், அதில் ஏதோ தெரிவது போல உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்தவளாகத் தெரியவில்லை. அழுகையை எங்கேயோ வைத்துவிட்டு இடம் மறந்தவளாகத் தெரிந்தாள். வந்திருப்பது பணிப்பாளரின் ஆள் என்று நினைத்தாள். கேட்டதற்கெல்லாம் ஓம், இல்லை என்பதற்கு மேலே போகவில்லை. பழைய அறிக்கையை அவளுக்கு யாரும் காட்டவில்லை. களவென்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

கோபித்துக்கொண்ட பெண்களிடம் எப்படிப் பேசுவது என்று சீதேவிப்பிள்ளைக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அதனால் உள்ளே உறுத்தியதையே எடுத்து வெளியில் வைத்தாள்.

"கரப்புப் படத்த ஏன் மகள் இடம் மாத்தின?"

பரீனா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "மாத்தின எண்டு உங்களுக்கு எப்பிடி மிஸ் தெரியும்? அது முன்னம் இருந்த இடம் என்னயும் சேரயும் தவிர ஒருவருக்கும் தெரியாதே."

சீதேவிப்பிள்ளை அணைந்த திரையை நோக்கித் தலையசைத்தாள். உசனார், ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் எள்ளுப்போல இருந்தாலும் போதும் என்று சொல்லிக்கொண்டு பின்பக்கம் போனான். நாலைந்து தரம் கயிற்றை இழுத்து, அதன் பரம்பரையை விசாரித்து, கடைசியில் அதை இருமவைத்தான். திரை வெளிச்சமானது.

பரீனா காட்டினாள். நிலையத்துக்கு வந்துபோன ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் விட்டுச்சென்ற மென்பொருள், பெயர் லாடெக். மற்றவற்றைப் போல இதில் எழுத்தையும் படத்தையும் நாமே கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பதில்லை. கட்டளைகளை எழுதிக் கொடுக்க, பக்கங்களை அது தானே கட்டும். படத்துக்கு எங்கே இடம் இருக்கிறதென்று பார்ப்பதும் அதுதான். இந்தப் பக்கத்தில் கொள்ளாவிட்டால் அடுத்த பக்கம், அதிலும் கொள்ளாவிட்டால் அதற்கடுத்தது.

"கட்டாத தோணி மாதிரி மிஸ். நாம விட்ட இடத்தில நிக்காது, மிதந்து மிதந்து போகும். கரப்புப் படம் கடைசிப் படம், கனக்கப் பெரிசு. ஒரு பக்கத்திலயும் கொள்ளல்ல. எழுத்து முடிஞ்சும் போய், நூற்பட்டியலுக்குள்ள கரை தட்டினது."

பழைய பிளொப்பி வட்டு ஒன்றைக் கணினியில் போட்டு, தன் முதல் பிரதியைத் திறந்தாள். பெயர்களை மேலும் கீழுமாகப் பிரித்துக்கொண்டு கரப்பு குந்தியிருந்தது. அதற்கு மேல் இருந்த பெயரும் அதேதான், கீழ் இருந்த பெயரும் அதேதான். வசனங்களுக்கு நடுவில் இரட்டைக் கேள்விக்குறிகள்.

"இந்தக் கேள்விக்குறி ஆர்ர பணிவு?" என்றான் உசனார்.

பரீனாவுக்கு அது விளங்கவில்லை. படங்களின் இலக்கங்களையும் அந்த மென்பொருளே போடும், ஆனால் ஒருதரம் ஓட்டினால் எண்ணி மட்டும் வைக்கும். திரும்பவும் ஓட்டினால்தான் எண்ணியதைக் கொண்டுவந்து நிரப்பும் என்றாள். அதுவரை கேள்விக்குறி நிற்கும். அன்று மண்ணெண்ணெய் முடிந்துகொண்டிருந்தது. ஒரே ஓட்டத்தில் அச்செடுத்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் திருத்தினாள்; கரப்பையும் உரிய அத்தியாயத்தில் கட்டிப்போட்டாள்.

முதல் பிரதி ஒன்றே ஒன்றுதான் அச்சானது. நோன்பு மாதத்தில் பணிப்பாளர் சேரிடம் திருத்தக் கொடுத்தாள். கூரை ஒழுகி நனைந்து கூழாகிவிட்டது என்று சேர் பிறகு சொன்னார்.

மின்சாரமே இல்லாமல், தட்டச்சில் அடித்துக் கையால் படம் ஒட்டுகிற ஒரு மனிதர், நூற்பட்டியலின் நடுவில் எதற்காகக் கரப்பை ஒட்டப் போகிறார்? சீதேவிப்பிள்ளைக்கு விடை தெரிந்துவிட்டது. தெரிந்தவுடன் அவளுக்கு வந்தது பரீனாவின் மேல் இரக்கமல்ல. காலையில் கேட்ட அத்தனை புகழ்ச்சியும் இனி என்ன ஆகும் என்ற கவலை. அதைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே, நனையாத அந்தப் பிரதி வேறு யாருடைய கைக்கும் போயிருக்கலாம் என்று வழி தேடினாள். கூட்டுகிற பெண், காவற்காரன், அலுமாரி செய்த தச்சன்.

"சேர்தான்," என்றான் உசனார், ஓட்டோவில் ஏறியதும்.

"கள்ளன் ஆராவது தானாப் போய்ப் பொலிசக் கூப்பிடுவானா?"

"பொலிசு எந்தப் பக்கம் பாக்காதெண்டு தெரிஞ்சாக் கூப்பிடுவான்."

அவள் உடைந்த 'ஈ' வாலை நினைத்துக்கொண்டிருந்தாள். பழைய மெஷின் என்று காலையில் சொன்னாள். பழைய மெஷின் என்றால் ஓய்ந்துபோன மெஷின் என்று யார் சொன்னது?

*

கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் வரிசை நீண்டிருந்தது. சிப்பாய் ஒருவன் அவளுடைய பையிலிருந்து பரீனா தந்த பிளொப்பியை எடுத்து, இதற்குள் என்ன என்று கேட்டான். "மீன்," என்றான் உசனார். சிப்பாய் அதை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

கச்சேரி விண்ணப்பங்களில் பாதியை அடித்த கோணாமலையின் தட்டச்சுக் கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தது. மனுவும் சத்தியக்கடதாசியும் அடிப்பதில் அவருக்கு இணை இல்லை என்பது ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சீதேவிப்பிள்ளை வாங்கில் உட்கார்ந்து, பிளேன்டியைக் குடித்து முடிக்கும்வரை அவருடைய மகளின் கலியாணத்தைப் பற்றியே கேட்டாள். பிறகு கண்ணாடி மாற்றினீர்களா என்று அக்கறையாக விசாரித்தாள். உங்கள் யந்திரத்தில் அடித்த ஒரு வேலையை இன்று பார்த்தேன், பார்வை குறைந்துவிட்டதாக்கும் என்று கவலைப்பட்டேன் என்றாள். நூற்பட்டியலின் நடுவில் கரப்புக்கு இடம் விட்டிருக்கிறதே, வசனத்துக்குள் கேள்விக்குறி தூவிக் கிடக்கிறதே.

கோணாமலைக்குக் காது சிவந்தது.

"என்ட கண்ணில பிழையில்ல மிஸ். எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியும், கருத்துத் தெரியா. அதாலதான் என்ட வேலையில பிழை வாறல்ல. தந்த பிரதில கேள்விக்குறி கிடந்த, அடிச்ச. பேருகளுக்கு நடுவில படம் கிடந்த, அடிமட்டம் வச்சு அளந்து அந்தளவு இடம் விட்ட. இது என்ன சேர் எண்டு கேட்டும் பாத்த நான். பாத்தபடி அடிங்க, மூளையப் பாவிக்க வேணாம் எண்டார்."

தாளைக்கூட அந்தச் சேரே கொண்டுவந்தார் என்றார். உறுதி எழுதும் நொத்தாரிசாக இருந்த தகப்பனின் பெட்டியில், குண்டூசி குத்தியபடி மிஞ்சிக் கிடந்த புல்ஸ்கேப். போன மாதம்தான் அடித்தது. ஆள் யாரென்று அவள் கேட்கவே இல்லை. நல்லரத்தினம் சேருக்கு ஆட்களை எப்படி மதிக்க வேண்டும் என்று தெரியாது என்று கோணாமலையே முறையிட்டார்.

உசனார் அவளைப் பார்த்தான். பார்வையில் வெற்றி இருந்தது. ஆனால் கோணாமலை இன்னும் முடிக்கவில்லை. கோபம் ஆறிப்போய், அவளுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"டவுனில பழைய பேப்பர் பாக்கத் தெரிஞ்ச ஆள் ஆரெண்டு அவர் கேட்டவர். நான்தான் உங்கட பேரக் குடுத்த. சீதேவிப்பிள்ளை மிஸ் பேப்பரத்தான் பாப்பா, எழுத்தப் பாக்கமாட்டா, அவ்வளவு நேர்மையான ஆள் எண்டு சொன்ன. அவருக்கு நல்ல சந்தோசம்."

அவள் வெறும் கோப்பையை உதட்டில் வைத்து இன்னொரு தரம் குடித்தாள். இத்தனை பேருக்குள் தன்னைத் தேர்ந்தெடுத்தது கைக்காக அல்ல, கண்ணுக்காக. அது காணாமல் விடும் என்ற நம்பிக்கைக்காக. காலையில் நீதவான் முகத்தோடு தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. தன்னை எதிரிலிருந்து பார்ப்பது இத்தனை வயதிலும் பழகாத வேலையாக இருந்தது.

உசனாருக்கு அப்போது சொல்லப் பத்துப் பகிடியாவது வந்திருக்கும். ஆனால் அவன் ஓட்டோவின் சில்லைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

*

நல்லரத்தினம் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். மேசையில் பழைய அறிக்கை கரப்புப் பக்கத்தில் திறந்து கிடந்தது. அதன்மேல் அவள் பிளொப்பியை வைத்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை. மிதந்து வந்த தோணி கரை தட்டிய இடத்திலேயே யாரோ முளையடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்றாள். அவ்வளவுதான். வேறு வார்த்தை தேவைப்படவில்லை.

அவர் நிறைய நேரம் கரப்பையே பார்த்தார். கொழும்பில் ஒரு கூட்டத்தில் பரீனாவின் படங்களைத் தன்னுடையவை என்று காட்டிவிட்டதாகவும், பரீனாவின் ஆய்வேடு அங்கே போனால் தன் முகம் போய்விடும் என்பதால்தான் படங்களுக்கு இறந்துபோன ஒரு தகப்பனைத் தேடியதாகவும் பிறகு மெதுவாகச் சொன்னார். அவள் பரீனாவின் சான்றிதழை அவர் முன்னால் நகர்த்தினாள். ஒப்பமிட்டார். உசனார் அதை வாங்கி, மை காயும்வரை ஊதி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். ஓட்டோ புறப்படும் சத்தம் கேட்டது. ஆய்வேட்டையும் பரீனாவையும் ஏற்றிக்கொண்டு அது பாலத்துப் பக்கம் திரும்பியது.

இருவரும் தனியாக இருந்தார்கள். நல்லரத்தினத்தின் முகத்தில் பழைய களை மெல்லத் திரும்பி வந்தது.

பிள்ளையின் காரியம் முடிந்துவிட்டது என்றார். இனி யாருக்கும் நட்டமில்லை. அழகரத்தினத்தின் அறிக்கையைச் சிறு நூலாகப் போட்டுவிட்டால், கொழும்பில் கேட்கிறவர்களுக்கு, படங்கள் நிலையத்தின் பழைய அறிக்கையில் இருந்தவை என்று தன்னிடம் ஒரு பதில் இருக்கும். யார் எழுதினார்கள் என்று அவள் சொல்ல வேண்டாம். களவு, நேர்மை எதுவுமே வேண்டாம். பேனையைத் திறந்து, வெள்ளைத் தாளோடு அவள் பக்கம் வைத்தார்.

"ஒரேயொரு வசனம் மிஸ். 'இந்தத் தாள் பழையது, அடித்த யந்திரமும் பழையது.' ரெண்டும் உண்மை. நீங்களே காலையில உங்கட வாயால சொன்னீங்க. நூலில உங்கட பேரப் போடுவன். நாளைக்கு இதப் பத்தி எழுதுறாக்கள் நூற்பட்டியல்லயும் போடுவாங்க."

அவள் பேனையைக் கையில் எடுத்தாள். எடுத்தது மரியாதைக்காக என்று பிறகு யாரிடமும் சொல்லலாம். தன்னிடம் சொல்ல முடியாது. அவளுடைய பெயர் ஒருநாளும் அச்சில் வந்ததில்லை. அகரவரிசையில் 'ச' பகுதியில், தடித்த எழுத்தில், யார் யாரோ பெரிய ஆட்களுக்கு நடுவில் அது குந்தியிருப்பதைக் கண்ணால் கண்டாள். அழகாகத்தான் இருந்தது.

வசனத்திலும் பொய் இல்லை. துரு துருதான், உடைந்த வால் உடைந்த வால்தான். ஆனால் அந்த வசனம் போய் நிற்கப்போகும் பக்கத்தையும் அவள் கண்டாள். இறந்த மனிதர் எழுதாத புத்தகத்தின் வாசலில் அது நிற்கும். என்றைக்கோ ஒருநாள், எங்கேயோ குளிர் நாட்டில், யாரோ ஒருவர் அந்தப் புத்தகத்தையும் பரீனாவின் ஆய்வேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். எது முந்தியது என்று கேட்பார். அப்போது பரீனாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல, சீதேவிப்பிள்ளையின் உண்மையான வசனம் எழும்பி நிற்கும்.

வாவிப் பக்கத்திலிருந்து காற்று வந்து வெள்ளைத் தாளின் ஓரத்தைத் தூக்கியது. அவள் பேனையின் மூடியைப் பூட்டி, மேசையில் அவர் பக்கமாக மெல்ல உருட்டிவிட்டாள்.

"வசனம் நல்ல வசனம்தான் சேர்," என்றாள். "வைக்கிற இடம்தான் சரியில்ல. நான் எழுதல்ல."